இந்திரநீலம்: இரத்தினபுரி முதல் காஷ்மீரம் வரை

வேட்டைக்குச் சென்ற வீரபாண்டியன் காட்டில் புலியால் மாண்டான். அவனுடைய மகனோ சிறுவன். அரண்மனையில் எழுந்த குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு, காமக்கிழத்தியரின் புதல்வர்கள் மணிமுடியையும் கருவூலத்துப் பொருள்களையும் கவர்ந்து சென்றனர். இளவரசனுக்குச் சூட்ட முடியில்லை. புதிதாக முடி செய்ய மணியில்லை. செய்வதறியாது திருக்கோயிலை நோக்கி நடந்த அமைச்சர்களின் எதிரே ஒரு வணிகர் வந்தார். நவமணிகளையும் அவர்கள் முன் எடுத்து வைத்தார். வந்தவர் சோமசுந்தரக் கடவுளே. பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் 17-ஆவதாக வரும் மாணிக்கம் விற்ற படலம் கூறும் வரலாறு இது.

இறைவனாகிய அந்த வணிகர் மணிகளைக் கொடுத்துவிட்டு வாளா சென்றுவிடவில்லை. வலன் என்னும் அசுரன், இந்திரன் வேண்டியதற்கு இசைந்து வேள்விப் பசுவாகத் தன்னையே தந்ததையும், அவன் உடலின் உறுப்புகளே ஒன்பது மணிகளாயின என்பதையும் எடுத்துரைத்தார். ஒவ்வொரு மணிக்கும் உரிய நிறம், குணம், குற்றம் ஆகியவற்றை விரித்துச் சொன்னார். விற்க வந்தவரே குற்றத்தையும் கூறினார் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மணி வாணிபத்தின் அறம் எது என்பதை ஆலவாய் அண்ணல் அன்றே காட்டிவிட்டார்.

இந்த அறம் கடையில் மட்டுமன்றிக் கோயிலிலும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வழங்கப்பட்ட அணிகலன்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகளில், பதித்த வைரங்களின் எண்ணிக்கையோடு, அவற்றுள் புள்ளியுள்ளவை, முறிந்தவை, வெந்தவை உண்டு என்பதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டவனுக்கு அளித்த பொருளிலும் குறையை மறைக்காமல் கல்லில் எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர்.

நவமணிகளுள் மக்கள் மிகவும் அஞ்சி வாங்குவதும், மிகுதியாக ஏமாறுவதும் நீலத்தில்தான். ஆகவே, நீலத்தின் குணங்களையும் குற்றங்களையும் இந்தக் கட்டுரையில் காண்போம்.

ஓர் அம்மையாரின் மோதிரம்

எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார், மகனுக்கு ஏழரைச் சனி தொடங்கிய வேளையில், தம்முடைய இரண்டு வளையல்களை விற்று அவனுக்கு ஒரு நீலக்கல் மோதிரம் வாங்கினார். ‘காஷ்மீர நீலம்’ என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மோதிரம் இறுகிப்போகவே, அதைப் பெரிதாக்கப் பொற்கொல்லரிடம் கொடுத்தார். அவர் சுடரைக் காட்டிப் பற்றவைத்தபோது கல்லின் நிறம் திட்டுத்திட்டாகக் கலைந்தது. உள்ளே வலைபோல வெடிப்புகள் தெரிந்தன.

“சனி பகவானுக்கு என்ன குறை வைத்தேனோ?” என்று அந்த அம்மையார் பல நாள் உறங்கவில்லை. பொற்கொல்லரும் தாம் பிழை செய்துவிட்டதாகவே எண்ணி வருந்தினார். இறுதியில் கல்லைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். வெடிப்பு மிகுந்த தரமற்ற கல்லுக்குள் நீலநிறம் ஏற்றிய கண்ணாடியை உருக்கி நிரப்பியிருந்தார்கள் என்று விடை வந்தது. பகவானுக்கும் கோபம் இல்லை. பொற்கொல்லரிடமும் பிழை இல்லை. விற்றவர் குற்றத்தைச் சொல்லவில்லை. வாங்கியவருக்கு அதைக் கேட்கவேண்டும் என்று தெரியவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

தந்தையும் மகனும் போல

நீலம் என்பது குருந்தம் என்னும் கனிம வகையைச் சேர்ந்தது. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து உருவானது. கலப்பில்லாத குருந்தம் நிறமற்றது. அதில் மிகச் சிறிதளவு இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலநிறம் தோன்றுகிறது. குரோமியம் கலந்தால் அதே கல் செந்நிறம் பெற்று மாணிக்கம் எனப்படுகிறது. இன்று கடைகளில் கனக புஷ்பராகம் என்ற பெயரில் விற்கப்படும் மஞ்சள் கல்லும் பெரும்பாலும் குருந்தமே.

சூரியனுக்கு மாணிக்கமும் சனிக்கு நீலமும் உரியவை என்பது நம் மரபு. அவ்விருவரும் தந்தையும் மகனும் என்கின்றன புராணங்கள். அவர்களுக்குரிய மணிகள் இரண்டும் ஒரே கனிமத்தின் இரு நிறங்கள் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

கடினத்தன்மையைப் பத்துப் படிகளாக வகுத்தால் வைரம் பத்தாவது படி, குருந்தம் ஒன்பதாவது. ஆகவே நல்ல நீலம் எளிதில் கீறல் விழாது. தலைமுறை தலைமுறையாக அணிவதற்கு ஏற்றது.

சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில்

வலாசுரனின் கண்கள் சிங்கள நாட்டில் விழுந்து நீலமணிகளாயின என்கிறது கருட புராணம். இலங்கையில் சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த சபரகமுவ மாகாணத்தின் தலைநகருக்கு இரத்தினபுரி என்பதே பெயர். மலைப்பாறைகளிலிருந்து பல காலமாக மழையும் ஆறும் பெயர்த்துக் கொண்டுவந்த கற்கள், பள்ளத்தாக்குகளின் அடியில் சரளைப் படிவாகத் தங்கியிருக்கின்றன. அந்தச் சரளை மண்ணை அங்கே ‘இல்லம்’ என்று அழைக்கிறார்கள்.

வயல்களுக்கு நடுவே கிணறு போலக் குழி தோண்டி, பக்கங்கள் சரியாதபடி மரச்சட்டங்களால் தாங்குகொடுத்து, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே அந்தப் படிவை அடைகிறார்கள். அள்ளிய சரளையைப் பிரம்புக்கூடையில் இட்டு நீரில் சுழற்றி அலசுகிறார்கள். கனமான மணிகள் கூடையின் அடியில் தங்கும். நாள்கணக்கில் அலசியும் ஒன்றும் கிடைக்காமல் போவது உண்டு. ஒரே கூடையில் ஒரு குடும்பத்தின் வறுமை தீர்வதும் உண்டு.

இலங்கை நீலம் பெரும்பாலும் இளநீலம் முதல் நடுத்தர நீலம் வரை அமைந்து, ஒளி மிகுந்து விளங்கும். நம் தோட்டத்துச் சங்குப்பூவின் நிறத்தை நினைத்துக்கொள்ளலாம். மாலை விளக்கொளியிலும் அது கறுத்துப் போவதில்லை என்பது அதன் சிறப்பு. நிறம் கல் முழுவதும் சீராகப் பரவாமல் ஓரிடத்தில் திரண்டு நிற்பது அதன் இயல்பு. கைதேர்ந்த தொழிலாளி அந்த நிறத்திரட்சி கல்லின் அடிமுனையில் அமையுமாறு பட்டை தீட்டுவார். மேலிருந்து பார்த்தால் கல் முழுவதும் நீலமாகத் தெரியும்; பக்கவாட்டில் பார்த்தால் பாதி வெளிறியிருக்கும். இது மோசடி அன்று, கல்லின் இயற்கை.

நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் ‘இந்திய நட்சத்திரம்’ என்ற பெயருடன் 563 காரட் எடையுள்ள நட்சத்திர நீலம் ஒன்று இருக்கிறது. பெயரில் இந்தியா இருந்தாலும் அது பிறந்த மண் இலங்கை. கல்லின் உள்ளே பட்டு நூல் போன்ற நுண்ணிய ஊசிகள் மூன்று திசைகளில் ஒழுங்காக அமைந்திருந்தால், பட்டை தீட்டாமல் குவிமாடமாக வழவழப்பாக்கிய கல்லின் மேல் ஆறு கதிர்களுடன் ஒரு விண்மீன் தோன்றும். நட்சத்திர நீலம் என்பது இதுவே.

தேவி கோயில் வழியில் ஒரு சுரங்கம்

ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தில் பாடர் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே மச்சைல் என்னும் மலையூரில் சண்டி மாதா கோயில் கொண்டிருக்கிறாள். ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டிப் பல்லாயிரவர் அவளைத் தரிசிக்க மலையேறுகின்றனர். அந்த வட்டாரத்திலேயே, சும்ஜாம் என்னும் சிற்றூருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ளது புகழ்பெற்ற காஷ்மீர நீலச்சுரங்கம்.

1881-ஆம் ஆண்டு வாக்கில் ஏற்பட்ட மலைச்சரிவு ஒன்றில் அந்த நீலக்கற்கள் வெளிப்பட்டன என்பர். செய்தி பரவியதும் காஷ்மீர மன்னர் அங்கே காவல் அமைத்தார். ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் மட்டுமே பனி விலகும் இடம் அது. எனினும், அந்தக் குறுகிய பருவங்களில் தோண்டியே, 1880-களின் இறுதிக்குள் மேல்மண்ணில் கிடந்த சிறந்த கற்களைப் பெரும்பாலும் எடுத்து முடித்துவிட்டனர். பின்னர்ப் பலமுறை முயன்றும் பழைய வளம் திரும்பவில்லை.

காஷ்மீர நீலத்தின் தனித்தன்மை அதன் மென்மை. மிக நுண்ணிய துகள்கள் உள்ளே பரவியிருப்பதால் ஒளி சிதறி, கல் ஒரு வெல்வெட்டுத் துணியைப் போலத் தோன்றும். நிறமோ செறிந்த தூய நீலம். மேலைநாட்டார் தம் வயல்களில் பூக்கும் ஒரு நீலப்பூவின் பெயரால் அதை அழைக்கின்றனர். திருமாலின் மேனிக்கு உவமை சொல்லும் காயாம்பூ நமக்கு நினைவு வரலாம்.

இங்கே ஓர் உண்மையை உறுதியாக மனத்தில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஒரு பத்தாண்டு காலத்தில் எடுத்த கற்களே உலகெங்கும் காஷ்மீர நீலமாகச் சுற்றி வருகின்றன. அவை பெரும்பாலும் பழைய அரச குடும்பங்களின் நகைகளிலிருந்து சர்வதேச ஏலங்களுக்கு வருபவை. அத்தகைய கல் நம் தெருக்கோடிக் கடையில், சில ஆயிரம் ரூபாய்க்கு, சான்றிதழ் இல்லாமல் கிடைக்குமா என்று ஒரு கணம் சிந்தித்தாலே பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

பிற நாட்டு நீலங்கள்

மாணிக்கத்துக்குப் பெயர்பெற்ற பர்மாவின் மோகோக் பள்ளத்தாக்கு உயர்ந்த நீலங்களையும் தந்திருக்கிறது. அவை இலங்கைக் கற்களைவிடச் செறிந்த நிறம் உடையவை. சற்றே ஊதா சாயல் கலந்து ஆழ்ந்த நீலமாக விளங்குபவை. பர்மாவில் வணிகம் செய்து திரும்பிய நகரத்தார் குடும்பங்களுக்கு மோகோக் என்னும் பெயர் புதிதன்று.

தாய்லாந்தின் காஞ்சனபுரி, சந்தபுரி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பகுதிகளில் கிடைப்பவை எரிமலைப் பாறைகளோடு தொடர்புடையவை. அவற்றில் இரும்புச் சத்து மிகுதி. ஆதலால் நிறம் கறுத்து, சில வேளைகளில் பச்சை சாயலோடு, மையைப் போல இருக்கும். விலை குறைவு. பகல் வெளிச்சத்தில் அழகாகத் தோன்றும் கல், இரவு விளக்கில் வெறும் கறுப்பாகிவிடுவதும் உண்டு.

மடகாஸ்கர் தீவில் 1998-இல் இலாகாகா என்னும் இடத்தில் பெரும் நீலப்படிவு கண்டுபிடிக்கப்பட்டது. சில குடிசைகள் மட்டுமே இருந்த இடம் மிக விரைவில் நகரமாயிற்று. மடகாஸ்கரும் இலங்கையும் இந்தியாவும் பன்னெடுங்காலத்துக்கு முன் ஒரே நிலப்பரப்பின் பகுதிகளாக இருந்தவை. ஆகவே மடகாஸ்கர்க் கற்கள் பல, இலங்கைக் கற்களோடு அடையாளம் பிரிக்க இயலாத அளவு ஒத்திருக்கின்றன. இன்று ‘சிலோன் நீலம்’ என்று விற்கப்படும் கற்களுள் சில அங்கிருந்து வந்தவையாகவும் இருக்கலாம்.

ஊர்ப்பெயருக்கு எவ்வளவு மதிப்பு?

ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தூய்மை உடைய இரண்டு கற்களில் காஷ்மீரத்தில் பிறந்தது என்று உறுதியானதற்கு மற்றதைவிடப் பன்மடங்கு விலை உண்டு. அரிய பொருளுக்கு உலகம் தரும் விலை அது. ஆனால், காஷ்மீரத்தில் பிறந்த கல் எல்லாம் சிறந்தது என்றோ, மடகாஸ்கரில் பிறந்த கல் தாழ்ந்தது என்றோ கொள்ளலாகாது. மங்கிய காஷ்மீரக் கல்லும் உண்டு. கண்ணைப் பறிக்கும் மடகாஸ்கர்க் கல்லும் உண்டு.

மேலும், பிறந்த ஊரைக் கண்ணால் பார்த்துச் சொல்வது இயலாத செயல். பெரிய ஆய்வுக்கூடங்கள்கூட உள்ளிருக்கும் நுண்துகள்களையும் இரசாயனக் கலவையையும் ஆராய்ந்து, தம் வல்லுநர்களின் கருத்தாகவே ஊரைக் குறிப்பிடுகின்றன. எனவே நகை அணிவதற்காக வாங்குவோர் முதலில் கல்லின் நிறத்தையும் ஒளியையும் பார்க்க வேண்டும்; ஊரைப் பிறகு பார்க்கலாம். ஊர்ப்பெயருக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும், அந்தப் பெயர் தகுந்த ஆய்வுக்கூடச் சான்றிதழில் இருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை.

நெருப்பும் கண்ணாடியும்

கடையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி, “இந்தக் கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள்?” என்பதே. விடைகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, எதுவும் செய்யாதது. மண்ணிலிருந்து எடுத்துப் பட்டை தீட்டியது மட்டுமே. இது அரிது, விலையும் அதிகம்.

இரண்டாவது, சூடேற்றியது. 1,500 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வைத்தால் உள்ளிருக்கும் நுண்ணூசிகள் கரைந்து, கல் தெளிந்து, நிறம் செறியும். இலங்கையில் கவுடா எனப்படும் பால்நிறக் கற்களைக் கூழாங்கல் போல ஒதுக்கிவைத்த காலம் உண்டு. 1970-களில் தாய்லாந்து வணிகர்கள் அவற்றை வாங்கிச் சென்று சூடேற்றி அழகிய நீலமாக்கினர். இன்று சந்தையில் உள்ள நீலங்களில் பெரும்பாலானவை சூடேற்றியவையே. நிறம் நிலையானது, அணிவதில் குறையில்லை. ஆனால் சூடேற்றியது என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்க வேண்டும்.

மூன்றாவது, வெளியிலிருந்து நிறம் ஊட்டியது. டைட்டானியம், பெரிலியம் போன்றவற்றோடு சேர்த்துச் சூடேற்றி நிறத்தை உட்செலுத்துவர். சிலவற்றில் நிறம் மேல்தோல் அளவே இருக்கும். மறுபடி பட்டை தீட்டினால் வெளிறிவிடும். இதற்கு மதிப்புக் குறைவு.

நான்காவது, கண்ணாடி நிரப்பியது. அந்த அம்மையாருக்குக் கிடைத்தது இதுவே. வெடிப்புகளுக்குள் ஈயம் கலந்த நீலக் கண்ணாடியை நிரப்பியிருப்பர். பொற்கொல்லரின் சுடர் மட்டுமன்று, எலுமிச்சைச் சாறுகூட இதைக் கெடுக்கும். தலைமுறைக்கு வைத்துச் செல்ல எண்ணுவோர் இதை வாங்கவே கூடாது.

இவை நான்கும் மண்ணில் பிறந்தவை. இவையன்றிச் செயற்கை நீலமும் உண்டு. அதே இரசாயனப் பொருளை உலையில் உருக்கி வளர்த்தது அது. நிறத்திலும் கடினத்திலும் இயற்கை நீலத்தை ஒத்திருக்கும். உருப்பெருக்கியில் மட்டுமே வேறுபாடு தெரியும். ஒரு புள்ளியும் இல்லாமல் பளிங்கு போல் இருக்கும் பெரிய கல் மலிவாகக் கிடைத்தால் ஐயுற வேண்டும். அயோலைட் என்னும் கல்லையும் நீலம் என்று தருவார் உண்டு. நம் கரூர், காங்கேயம் வட்டாரத்திலேயே கிடைக்கும் கல் அது. ஒருபுறம் நீலமாகவும், திருப்பிப் பார்த்தால் நிறம் வெளிறியும் தோன்றும். அது தன்னளவில் அழகிய கல்லே. ஆனால் அதை அதன் பெயரில்தான் விற்க வேண்டும்.

பாலில் இட்டுப் பார்க்கலாமா?

உயர்ந்த நீலத்தைப் பாலில் இட்டால் பால் முழுவதும் நீலமாகும் என்பது பழைய இரத்தின நூல்களில் உள்ள செய்தி. இன்றும் பலர் கடையில் வெண்கிண்ணத்தில் பால் கேட்கின்றனர். கல்லிலிருந்து எதுவும் பாலில் கரைவதில்லை. கல்லை ஊடுருவி வரும் ஒளியே வெண்மையின் மேல் நீலச் சாயலைக் காட்டுகிறது. செறிந்த நிறமுள்ள நீலக் கண்ணாடியும் அவ்வாறே காட்டும். ஆகவே இதைக்கொண்டு இயற்கைக் கல்லை உறுதி செய்ய இயலாது.

தலையணையின் கீழ் மூன்று நாள் வைத்துக் கனவு பார்க்கும் வழக்கமும் உண்டு. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்த மூன்று நாளில் ஒரு நாளை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டால், கல்லைப் பற்றிய ஐயம் தீர்ந்து நிம்மதியாக உறங்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

கல்லைக் கடையின் விளக்கொளியில் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வாசலுக்கு எடுத்து வந்து பகல் ஒளியில் பாருங்கள். பிறகு வீட்டு விளக்கு போன்ற மஞ்சள் ஒளியிலும் பாருங்கள். இரண்டிலும் நீலமாகவே இருப்பது நல்ல கல்.

கல்லை நேராக வைத்துப் பார்க்கும்போது நடுப்பகுதி சன்னல் போலத் திறந்து, கீழே உள்ள விரல் தெரிந்தால் பட்டை சரியாக அமையவில்லை என்று பொருள். மாறாக, அடிப்பகுதி தொப்பை போலத் தடித்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத எடைக்கும் நாம் விலை கொடுக்கிறோம்.

காரட் என்பது 200 மில்லிகிராம். நீலம் வைரத்தைவிடக் கனமானது. ஆதலால் ஒரு காரட் நீலம் ஒரு காரட் வைரத்தைவிடச் சற்றே சிறிதாகத் தோன்றும். எடை கூடக்கூட ஒரு காரட்டுக்கான விலையும் ஏறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இரண்டு காரட் கல்லின் விலை ஒரு காரட் கல்லின் விலையைப் போல இரு மடங்கோடு நிற்பதில்லை.

சான்றிதழில் ஐந்து செய்திகளைத் தேடுங்கள்: கல்லின் பெயர், இயற்கையா செயற்கையா என்பது, செய்யப்பட்ட பக்குவம், எடையும் அளவும், நிழற்படம். விற்பவரே அச்சடித்த அட்டை சான்றிதழ் ஆகாது. சான்றிதழின் எண்ணை ஆய்வுக்கூடத்தின் இணையதளத்தில் சரிபார்க்கும் வசதி இன்று உள்ளது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். “சூடேற்றாத இயற்கை நீலம்” என்று வாயால் சொன்னதை இரசீதிலும் எழுதித் தரக் கேளுங்கள். எழுதத் தயங்குபவரிடம் வாங்கத் தயங்குவதே நலம்.

நகையாகும்போது

நாள்தோறும் அணியும் மோதிரத்துக்கு, கல்லின் விளிம்பைச் சுற்றிலும் தங்கம் அணைத்து நிற்கும் பதிப்பு ஏற்றது. பாத்திரம் துலக்கும் கையில் கொக்கிகளால் தாங்கிய கல் எங்கேனும் சிக்கிக் கழன்றுவிடக்கூடும். கல்லின் அடிப்பகுதி திறந்திருந்தால் ஒளி புகுந்து நிறம் பொலியும், துடைப்பதும் எளிது. தோடு, பதக்கம் ஆகியவற்றில் கல்லுக்கு உரசல் குறைவு. ஆதலால் அவற்றில் கொக்கிப் பதிப்பும் தகும். கறுத்த நீலத்தைச் சிறு கற்களாகத் தோட்டில் பதித்தால் அழகு குன்றும். அங்கே இளநீலமே எடுத்துக்காட்டும்.

நவரத்தின மோதிரத்தில் நடுவே மாணிக்கமும், சனிக்குரிய மேற்கில் நீலமும் அமைவது வழக்கம். நவக்கிரக சந்நிதியில் நாம் காணும் அமைப்பே விரலில் சிறிய வடிவில் அமைகிறது.

சந்தனம், விபூதி, எண்ணெய் ஆகியவை கல்லைக் கெடுப்பதில்லை. ஆனால் அடியில் படிந்து ஒளியை மறைக்கும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கரைத்து, மென்மையான தூரிகையால் கழுவித் துடைத்தால் போதும். பொற்கொல்லரிடம் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, கல்லுக்கு என்ன பக்குவம் செய்யப்பட்டிருக்கிறது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

பாட்டியின் தோடு

பழைய நகைகளில் உள்ள நீலம் எல்லாம் இயற்கையானது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. செயற்கை நீலம் 1910-ஆம் ஆண்டு வாக்கிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. நம் பாட்டிமார் காலத்து நகைகளிலும் அது இடம்பெற்றிருக்கலாம். அடிப்பகுதி மூடிய பழைய நகைகளில், கல்லின் கீழே வண்ணத்தகடு வைத்து நிறத்தைக் கூட்டும் வழக்கமும் இருந்தது. ஆகவே பாகப்பிரிவினையிலோ பேத்தியின் திருமணத்திலோ பழைய நகைக்கு விலை மதிக்கும் முன் கல்லைச் சோதித்துக்கொள்வது, பின்னால் பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் வராமல் காக்கும். சோதனையில் கல் செயற்கை என்று தெரிந்தாலும் பாட்டியின் காதில் ஒளிர்ந்த பெருமை அதற்குக் குறைவதில்லை.

அச்சம் வேண்டாம்

மீண்டும் அந்த அம்மையாரிடம் வருவோம். ஆய்வுக்கூடத்தின் விடையைப் படித்துக் காட்டியபோது அவர் முதலில் கேட்டது பணத்தைப் பற்றி அன்று. “அப்படியானால் பகவான் கோபிக்கவில்லை அல்லவா?” என்பதே அவர் கேள்வி. இழந்த வளையல்களைவிட அந்த அச்சமே அவரை மிகுதியாக வருத்தியிருந்தது. இன்றும் சனிக்கிழமைதோறும் அவர் நல்லெண்ணெய் விளக்கேற்றுகிறார். மகன் விரலில் மோதிரம் இல்லை.

திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட ஞானசம்பந்தப் பெருமானை, நாளும் கோளும் நன்றாயில்லை என்று அப்பர் பெருமான் தடுத்தார். முதியவரின் அன்பு அது. அப்போது பிறந்ததே கோளறு பதிகம். சிவபெருமான் உள்ளத்தில் குடிகொண்டிருக்கும்போது சனி உள்ளிட்ட கோள்கள் அடியார்க்குத் தீங்கு செய்யா என்று பாடிவிட்டுப் பிள்ளையார் மதுரைக்குப் புறப்பட்டார்.

நீலம் அணியக் கூடாது என்பது இதன் பொருளன்று. விரும்பினால், வசதி இருந்தால், குலவழக்கமும் சோதிடரின் சொல்லும் இசைந்தால் மனமகிழ்வோடு அணியலாம். ஆனால் அச்சத்தால் வாங்கும் கல்லை நாம் சரியாகப் பார்ப்பதில்லை. அவசரம் கண்ணை மறைத்துவிடுகிறது. மதுரை வீதியில் மணி விற்ற பெருமான் குணத்தையும் சொன்னார், குற்றத்தையும் சொன்னார். அடுத்த முறை ஒரு நீலக்கல் உங்கள் கையில் வைக்கப்படும்போது, விற்பவரிடம் அமைதியாகக் கேளுங்கள்: “குணத்தைச் சொன்னீர்கள், குற்றத்தையும் சொல்லுங்கள்.”